சயான் மேம்பாலத்தில் ஏறாத புல்லட்

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் கரீம் பாட்சாவின் காதுக்குத் தனிப் பெயர் உண்டு. ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே வண்டியின் நோயைச் சொல்லிவிடும் காது அது. கடை வாசலில் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கட்டிங் சாயா குடித்துக்கொண்டிருப்பார். பின்னால் எவனாவது பைக்கை முறுக்கிக்கொண்டு போவான். "செயின் தொங்குது. ஒரு மாசம் தாங்குனா பெரிசு" என்பார், திரும்பிக்கூடப் பார்க்காமல். ஒரு மாதம் கழித்து அதே வண்டியை அதே ஆள் தள்ளிக்கொண்டு வருவான்.

இந்தக் காதால் அவருடைய நிக்காஹே ஒரு நிமிடம் நின்றுபோயிருக்கிறது. கடையநல்லூரில் மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார்ந்திருந்தபோது வாசலில் ஒரு ஸ்கூட்டர் புகைந்துகொண்டு போனது. பழக்கதோஷத்தில், "ரிங் போயிருச்சு" என்று முணுமுணுத்துவிட்டார். பக்கத்தில் இருந்த மச்சான்கள், பெண் வீட்டில் போட்ட மோதிரம்தான் போய்விட்டது என்று நினைத்து விரிப்பையெல்லாம் உதறித் தேட ஆரம்பித்தார்கள். அது பிஸ்டன் ரிங் என்று விளக்கிச் சொல்வதற்குள் ஆலிம்சா இரண்டு தடவை தொண்டையைக் கனைத்துவிட்டார். அவர் மனைவி மர்யம் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் காதுதான் இரண்டு வருடமாகச் சரியில்லை.

இது மர்யத்துக்குத் தெரியும். கரீம் பாட்சாவுக்கு மட்டும் தெரியாது. தெரியாது என்பதைவிட, தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்பதுதான் சரி. அழைப்பு மணி கேட்காவிட்டால் மணி கெட்டுவிட்டது. போனில் பேசுவது புரியாவிட்டால் நெட்வொர்க் சரியில்லை. கடையில் ஆட்கள் சொல்வது விளங்காவிட்டால் ரோட்டில் இரைச்சல் கூடிவிட்டது. ஒருநாள் மர்யம் போன் செய்து, வரும்போது கால் கிலோ பூண்டு வாங்கி வரச் சொன்னாள். அவர் கால் கிலோ பூந்தி வாங்கி வந்தார்.  பூந்தியைத் தட்டில் கொட்டி அவர் முன்னால் வைத்து, "இந்தாங்க, உரிச்சுக் குடுங்க" என்றாள்.

"எனக்குக் காது கேக்கலேன்னா புல்லட் சத்தம் எப்படிக் கேக்கும்? டப் டப்புன்னு நெஞ்சுக்குள்ளயே கேக்குதே" என்பது அவருடைய வாதம். உண்மைதான், கனத்த சத்தங்களெல்லாம் அவருக்கு நன்றாகவே கேட்டன. முப்பத்தேழு வருடம் சைலன்சர்களுக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்ததில் மெல்லிய சத்தங்கள்தான் ஒவ்வொன்றாகச் சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, பத்மஜா தன் புல்லட்டில் கடை வாசலில் வந்து இறங்கினார். மாட்டுங்காக்காரர். ரயில்வே முன்பதிவுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்து மூன்று. ஆள் ஐந்தடி இருந்தால் அதிகம், எடை ஐம்பது கிலோவைத் தொடாது. அவருடைய புல்லட் அறுபத்தொன்பதாம் வருட மாடல். எண்பத்து நாலில் தாதரில் ஒரு பார்சிக்காரரிடமிருந்து தன் சம்பளத்தில் வாங்கியது. பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்து, "இது யாருது?" என்று கேட்க, "என்னுது" என்று சொன்னதோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது என்றும், நல்லவேளை என்றும் அவரே சொல்வார். இருபது வருடமாக அந்த வண்டியைப் பார்ப்பவர் கரீம் பாட்சாதான். ஆரம்பத்தில் ஒருமுறை "மாமி" என்று கூப்பிட்டார். "மாமின்னா வண்டிய வேற கடைக்கு எடுத்துண்டு போயிடுவேன்" என்று பதில் வந்தது. அன்றிலிருந்து மேடம்தான்.

"கரீம் பாய், நேத்திக்கு மானம் போச்சு" என்றார் பத்மஜா, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே. "செம்பூர்ல என் அக்கா ஆத்துக்குப் போனேன். சயான் மேம்பாலத்துல வண்டி ஏறவே மாட்டேங்கறது. முழுக்க முறுக்கறேன், சத்தம்தான் வறது, வண்டி நகரலை. பின்னாடி பஸ்காரன் ஹார்ன் அடிக்கறான். பாவ் ரொட்டி விக்கறவன் ஒருத்தன், சைக்கிள்ல, கூடை நிறைய பாவோட, என்னைத் தாண்டிப் போறான். போறவன் சும்மாவும் போகலை. 'மேடம், தக்கா தூம் க்யா?'ன்னு கேட்டுட்டுப் போறான்."

"தள்ளி விடவான்னு கேட்டானா?" கரீம் பாட்சா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஸ்டார்ட் ஆகுதுல்லா?"

"அதை ஏன் கேக்கறேள்? அதுதான் ஆச்சரியம். முன்னெல்லாம் கிக்கர்மேல ஏறி நின்னாத்தான் இறங்கும். இப்ப ஒரு மிதி, வெண்ணெயா இறங்கறது. ரெண்டு மாசமா முழங்காலுக்கு எக்ஸர்சைஸ் பண்றேன் இல்லியா? நம்ம பிசியோதெரபி வந்தனாவே சொல்றா, உங்க வயசுல இந்த பலம் யாருக்கும் இல்லேன்னு."

சொன்னதோடு விடாமல் மிதித்தும் காட்டினார். புடவை கட்டிய வாத்தியாரம்மா தையல் மிஷினை மிதிப்பதுபோல் கிக்கர் சாதுவாக இறங்கி ஏறியது.

கரீம் பாட்சா வண்டியருகே வந்தார். குனிந்து, கிக்கரைக் கையால் அழுத்தினார். அதற்கும் இறங்கியது. எண்பது கிலோ ஆளையே தூக்கிப் போடுகிற கிக்கர் அது. விஷயம் அவருக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. ஆனால் எதிரில் நிற்பவரின் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்ததும் சொல்வதற்கு வாய் வரவில்லை. இரண்டு சாயா சொன்னார். சாயா வந்தது. குடித்து முடித்தார்கள். அதற்கு மேல் தள்ளிப்போட வழியில்லை.

"மேடம், கிக்கர் லேசா இறங்குனா அது நல்ல சேதி இல்ல. கம்ப்ரெஷன் போயிருச்சு. உள்ள காத்து நசுங்குனாத்தான் இழுவை. குக்கர்ல ரப்பர் போயிட்டா எம்புட்டு நேரம் அடுப்புல வச்சாலும் விசில் வராதுல்லா, அந்த மாதிரி. எங்கயோ கசியுது."

பத்மஜா கிக்கரை இன்னொரு தடவை மிதித்துப் பார்த்தார். பிறகு, "பாதி கசிவுன்னு வச்சுப்போம். பாதி என் எக்ஸர்சைஸ்தான்" என்றார்.

இந்த இடத்தில் மாரிசெல்வம் வந்து சேர்ந்தான். பக்கத்துக் கடையில் லேத் பட்டறை வைத்திருப்பவன். சிலிண்டரின் தேய்ந்த உட்புறத்தைக் கடைந்து சீராக்குவது, அதாவது போரிங் போடுவது, அவன் தொழில். அதனால் ஊரிலுள்ள எந்த வண்டிக்கு எந்த நோய் வந்தாலும் அவனுக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். ஹார்ன் அடிக்கவில்லை என்று வந்தவனிடமே ஒருமுறை போர் தேய்ந்திருக்குமோ என்று கேட்டிருக்கிறான்.

"போரிங்தான் பாய். ஐம்பது வருசத்துக்கு மேல ஓடுன வண்டி. சிலிண்டரைக் கழட்டி இப்படித் தாங்க, சாயங்காலம் கடைஞ்சு தந்திடுதேன்."

"சும்மா கெட. கசியுறதுக்கு மூணு வழி இருக்கு. பிஸ்டனோரமா கீழ இறங்கலாம், வால்வு வழியா வெளிய போகலாம், ஹெட்டுக்கு அடியில இருக்க கேஸ்கட் வழியா பக்கவாட்டுல பீச்சலாம். எதுன்னு தெரியாம எதுக்குக் கழட்டணும்?"

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கம்ப்ரெஷன் அளவு பார்க்கும் கேஜைப் பொருத்தினார். ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு ஏழெட்டு மிதி மிதித்தார். முள் ஐம்பத்தைந்தில் நின்றது. நல்ல நிலையில் இருந்தால் நூறைத் தாண்ட வேண்டும். அடுத்தாற்போல் ஒரு கரண்டி இன்ஜின் ஆயிலை அந்த ஓட்டைக்குள் விட்டார். ரிங் தேய்ந்திருந்தால் அந்த எண்ணெய் இடுக்கை அடைக்கும், முள் சட்டென்று ஏறும். மறுபடி மிதித்தார். ஐம்பத்தெட்டு.

"ரிங் இல்ல. போரும் இல்ல" என்றார்.

மாரிசெல்வத்தின் முகம் வாடியது. ஆனாலும் போகவில்லை. வேடிக்கை நன்றாக இருந்தது.

இனி காற்று வைத்துப் பார்க்க வேண்டும். பிஸ்டனை மேலே நிறுத்தி, இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது, பிளக் ஓட்டை வழியாகக் கம்ப்ரஸர் காற்றை உள்ளே விட்டால் கசிகிற இடத்தில் 'ஸ்ஸ்' என்று சத்தம் வரும். கார்புரேட்டரில் வந்தால் ஒரு வால்வு, சைலன்சரில் வந்தால் இன்னொரு வால்வு. காற்றின் வேகத்தில் பிஸ்டன் கீழே இறங்கிவிடாமல் இருக்க, வண்டியை டாப் கியரில் போட்டு, மாரிசெல்வத்தைப் பின் பிரேக்கை மிதித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்.

காற்றைத் திறந்தார். கார்புரேட்டரில் காதை வைத்தார். ஒன்றுமில்லை. சைலன்சரின் வாயில் காதை வைத்தார். ஒன்றுமில்லை. சிலிண்டரைச் சுற்றிலும் காதைக் கொண்டுபோனார். மயான அமைதி. காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது, எங்கேயும் வெளியே வரவில்லை. அப்படி ஒரு இன்ஜின் உலகத்திலேயே கிடையாது. ஆனால் அவர் கரீம் பாட்சா. எழுந்து நின்று, கையைத் துடைத்துக்கொண்டு, "கார்புரேட்டர் பக்கத்து வால்வு" என்று அடித்துச் சொன்னார்.

பத்தடி தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பத்மஜா, "சைலன்சர்லன்னா வறது?" என்றார். "ஸ்ஸுன்னு, எங்க பக்கத்தாத்து சீத்தாலக்ஷ்மியோட பூனை சீறற மாதிரி."

"ஆமா பாய், எனக்கும் சைலன்சர்லதான் கேக்கு" என்றான் மாரிசெல்வம்.

கரீம் பாட்சா இன்னொரு முறை குனிந்தார். சைலன்சர் ஊமையாகத்தான் இருந்தது. "அதத்தான் சொல்ல வந்தேன். சைலன்சர் பக்கத்து வால்வு. வாய் தவறிருச்சு. வியாழக்கிழமை வாங்க மேடம், ரெடியா இருக்கும்."

பத்மஜா போனதும் கரீம் பாட்சா, சிலிண்டருக்கு மூடியாக இருக்கும் ஹெட்டைக் கழற்றினார். வால்வு கருத்திருந்ததே தவிர உட்கார வேண்டிய இடத்தில் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தது. ஹெட்டைக் கவிழ்த்துப் பிடித்து, சைலன்சர் போகிற துளையில் மண்ணெண்ணெயை ஊற்றி ஒரு மணி நேரம் வைத்தார். ஒரு சொட்டு கசியவில்லை. இருக்கட்டும் என்று வால்வைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, புது கேஸ்கட் வைத்து, புதன்கிழமை மத்தியானம் எல்லாவற்றையும் பூட்டினார். கேஜை வைத்து மிதித்தார்.

ஐம்பத்தைந்து.

கேஜைத் தட்டிப் பார்த்தார். வேறொரு வண்டியில் வைத்துப் பார்த்தார். கேஜில் குற்றமில்லை. மேஜைமேல் இருந்தபோது கசியாத ஹெட், வண்டியில் ஏறியதும் கசிகிறது. அன்றைக்கு வீட்டில் மர்யம் மீன் குழம்பு வைத்திருந்தாள். அவர் அரைகுறையாகச் சாப்பிட்டதைப் பார்த்து, "வண்டி ஏதாவது படுத்துதா?" என்று கேட்டாள். "சண்டையா? யார் கூட சண்டை?" என்றார் அவர். அவள் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வியாழக்கிழமை பத்மஜா சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்தார். மறைக்க வழியில்லாததால் கரீம் பாட்சா நடந்ததைச் சொன்னார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார். பத்மஜாவோ ஸ்டூலை இழுத்து வண்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "திரும்பவும் காத்து விடுங்கோ. பார்ப்போம்."

மாரிசெல்வம் கூப்பிடாமலே வந்து பிரேக்கை மிதித்துக்கொண்டான். காற்று திறந்தது. கரீம் பாட்சா சைலன்சரின் பக்கத்தில் குந்தினார். பத்மஜா ஹேண்டில்பாரில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தார். அவர் சாய்ந்த வேகத்தில் ஹேண்டில் இடது பக்கம் திரும்பியது.

"அட, நின்னுடுத்தே!"

"ஆமா, நின்னுருச்சு" என்றார் கரீம் பாட்சா உடனே.

பத்மஜா ஹேண்டிலை நேராக்கினார். "இப்ப வறது."

"ஆமா, வருது."

பத்மஜா அவரை ஒரு மாதிரி பார்த்தார். ரயில்வே கவுண்டரில் முப்பத்தாறு வருடம் உட்கார்ந்தவர். அரை டிக்கெட்டுக்காகப் பிள்ளையின் வயதைக் குறைத்துச் சொன்ன எத்தனையோ அப்பாக்களின் முகத்தைப் படித்தவர். ஹேண்டிலைச் சத்தம் காட்டாமல் மறுபடி இடது பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, "இப்ப இன்னும் ஜாஸ்தியா வறதோ?" என்று அப்பாவியாகக் கேட்டார்.

"ஏக்தம் ஜாஸ்தி மேடம். நல்லா சீறுது."

"கரீம் பாய், இப்ப அது சுத்தமா நின்னுபோச்சு."

மாரிசெல்வம் சிரித்த சிரிப்பில் கால் பிரேக்கிலிருந்து நழுவியது. அடைத்துக்கொண்டிருந்த காற்று பிஸ்டனை ஒரு தள்ளு தள்ள, பின் சக்கரம் சுழன்று அவனுடைய ஒற்றைச் செருப்பை ரோட்டில் கொண்டுபோய்ப் போட்டது. அவன் செருப்பை எடுக்கப் போனான்.

கரீம் பாட்சா கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"எனக்குக் கேக்கல மேடம்" என்றார். "ரெண்டு வருசமாவே கேக்கல."

சொல்லி முடித்ததும், அந்த வார்த்தைகளைத் தானே முதல் தடவையாகக் கேட்டவரைப்போல் கொஞ்சம் திகைத்து நின்றார். வானம் இடிந்து விழவில்லை. எதிர்க் கடையில் பேல்பூரிக்காரன் வெங்காயம் நறுக்கிக்கொண்டுதான் இருந்தான்.

"சரி, இப்ப என்ன அதுக்கு?" என்றார் பத்மஜா. "எனக்குக் கேக்கறது. நான் கேட்டுச் சொல்றேன், நீங்க கண்ணால பாருங்கோ. ஹேண்டிலைத் திருப்பினா ஏன் நிக்கறது?"

அந்தக் கேள்விதான் அவரைப் பிடித்து உலுக்கியது. ஹேண்டில் திரும்பினால் இன்ஜினுக்குள் எது அசையும்? ஹேண்டிலிலிருந்து கீழே இறங்குவது நாலே நாலு கேபிள். ஒன்று கிளட்ச், ஒன்று ஆக்சிலரேட்டர், ஒன்று முன் பிரேக். நாலாவது...

நாலாவதைக் கையில் பிடித்தார். கொடிக்கயிறு மாதிரி விறைத்திருந்தது.

அந்தக் காலத்து புல்லட்டுகளில் இடது கைப்பிடியருகே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு குட்டி லீவர் இருக்கும். டீகம்ப்ரஸர் என்பார்கள். அதை அழுத்தினால் ஹெட்டில் ஒரு சிறிய வால்வு திறந்து, உள்ளே அடைத்திருக்கும் காற்றைச் சைலன்சர் பக்கம் விட்டுவிடும். கிக்கர் இளகும். பிஸ்டனைப் பதமான இடத்துக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, லீவரை விட்டுவிட்டு ஓங்கி மிதிக்க வேண்டும். பத்மஜாவின் வண்டியில் அந்தக் கேபிள் இழுத்துக் கட்டினாற்போல் நின்றதால், லீவரை யாரும் தொடாமலே அந்த வால்வு எப்போதும் ஒரு மயிரிழை திறந்தே இருந்திருக்கிறது. ஹெட்டைக் கழற்றும்போது கேபிளையும் சேர்த்துக் கழற்றிவிட்டார். அதனால்தான் மேஜைமேல் ஒன்றும் கசியவில்லை.

"மேடம், இந்த ஹேண்டில் நம்ம கடையில போட்டது இல்லியே. பழசவிட ஒசரமா இருக்கே."

"முதுகு வலிக்கறதுன்னு செம்பூர்ல ஒரு கடையில மாத்தினேன். நிமிர்ந்து உக்காந்து ஓட்டலாமோல்லியோ."

"எப்ப?"

"ஹோலி சமயம்..." என்று ஆரம்பித்த பத்மஜா பாதியில் நிறுத்திக்கொண்டார். ஹோலி சமயத்தில்தான் முழங்கால் பயிற்சியும் ஆரம்பித்தது. ஹேண்டிலை உயர்த்தியவன் பழைய கேபிளையே இழுத்து மாட்டிவிட்டிருக்கிறான்.

"அப்ப என் பலம்?" என்றார்.

கரீம் பாட்சா வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாரிசெல்வம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாத்துக்கும் முன்னாடி பாக்க வேண்டியதக் கடைசியில பாத்திருக்கேன்" என்று தலையில் தட்டிக்கொண்டார் கரீம் பாட்சா. "காத நம்பியே இருந்துட்டேன். வரிசையா ஒண்ணொண்ணா தொட்டுப் பாத்துருந்தா செவ்வாய்க்கிழமையே முடிஞ்சிருக்கும்."

நீளமான கேபிள் ஒன்றை வெட்டி, ஈயம் வைத்து முனை கட்டி, கொஞ்சம் தளர்வு விட்டுப் பூட்ட இருபது நிமிடம் ஆனது. கேஜ் நூற்றைந்து காட்டியது. மாரிசெல்வம்கூடக் கை தட்டினான்.

"மிதிங்க மேடம்."

பத்மஜா கிக்கர்மேல் காலை வைத்து மிதித்தார். கிக்கர் அசையவில்லை. ஏறி நின்றார். அப்போதும் அசையவில்லை. படிக்கட்டில் நிற்பவரைப்போல் அந்தரத்தில் நின்றுகொண்டு, ஏறவும் முடியாமல் இறங்கவும் மனமில்லாமல், "இதான்! இதுதான் என் வண்டி!" என்று கூவினார். பிறகு இரண்டு மாதமாகத் தொடாத அந்தக் குட்டி லீவரை அழுத்தி, கிக்கரை மெல்ல இறக்கி, கையை விட்டு, முழு உடம்போடு ஒரு மிதி. ஒருமுறை செருமியது. இரண்டாவது மிதியில் பற்றிக்கொண்டது. பேல்பூரிக்காரனின் தகரத் தட்டுகள் அதிர்ந்தன.

"கம்ப்ரெஷன் வந்தா மட்டும் போதாது, ஏத்தம் ஏறணும்" என்றார் கரீம் பாட்சா. "பின்னாடி வெயிட்டு வச்சு சயான் பாலத்துல ஏத்திப் பாக்கணும். மாரி, நீ உக்காரு."

மாரிசெல்வம் பத்மஜாவின் ஓட்டத்தைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தான். பட்டறையில் வேலை கிடக்கிறது என்றான். அந்த நேரம் பார்த்து மத்தியானச் சாப்பாட்டு டப்பாவோடு மர்யம் வந்தாள். வண்டியைப் பார்த்தாள், பத்மஜாவைப் பார்த்தாள்.

"நான் வரட்டா அக்கா?"

"புர்காவைச் சக்கரத்துல மாட்டிக்காம சுருட்டிண்டு உக்காருங்கோ."

மர்யம் கட்டிக்கொண்ட நாளிலிருந்து மெக்கானிக் ஒருவரோடு குடும்பம் நடத்துகிறாள், ஒரு புல்லட்டில் ஏறியதில்லை. வீட்டுக்கு வருகிற வண்டியெல்லாம் யாரோ ஒருவருடையது, அதில் பெண்டாட்டியை ஏற்றுவது முறையில்லை என்பது கரீம் பாட்சாவின் கொள்கை. அவர் மறுப்புச் சொல்ல வாயெடுப்பதற்குள் டப்பா அவர் கையில் இருந்தது, வண்டி சிக்னலில் இருந்தது.

கால் மணி நேரத்தில் வர வேண்டியவர்கள் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார்கள். பாலத்தில் மூன்று தடவை ஏறி இறங்கியதாகவும், ஒரு டாக்ஸியை முந்தியதாகவும், பிறகு மாட்டுங்காவுக்குப் போய்க் காபி குடித்ததாகவும் மர்யம் சொன்னாள். பாவ்காரனைக் காணோம் என்பதில் மட்டும் பத்மஜாவுக்கு வருத்தம். மர்யத்தின் முகம் காற்றில் சிவந்திருந்தது. இறங்கியதும் கணவரைப் பார்த்து, "திங்கக்கிழமை பதினோரு மணிக்குச் சயான்ல காது டாக்டர். அக்கா போன்லயே நேரம் வாங்கிட்டாங்க" என்றாள்.

"யாருக்கு?"

"எனக்கு. நான் கத்துறது எனக்கே கேக்க மாட்டேங்குதாம்."

பத்மஜா அவசரமாக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

திங்கட்கிழமை கரீம் பாட்சாவை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். பரிசோதனை செய்த பெண் பெயர் சாதியா, சின்ன வயசு. கரீம் பாட்சா முதல் இரண்டு நிமிடத்திலேயே ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அந்தப் பெண் சத்தம் அனுப்பும்போதெல்லாம் அவள் வலது தோள் லேசாக அசைந்தது. தோள் அசைந்தால் இவர் அழுத்தினார். பரிசோதனை அபாரமாகப் போய்க்கொண்டிருந்தது.

சாதியா காகிதத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து, "சாச்சா, ஸரா தீவார் கீ தரஃப் மூ கர்கே பைட்டியே" என்றாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்ததும் பொத்தானுக்கு வேலை குறைந்துபோனது.

கடைசியில் ஒரு கோட்டுப் படம் வந்தது. இடது பக்கம் நேராக வந்த கோடு வலது பக்கம் மேம்பாலத்திலிருந்து இறங்குவதுபோல் இறங்கியிருந்தது. கனத்த சத்தமெல்லாம் ஒழுங்காகக் கேட்கிறது, மெல்லிசும் கீச்சும்தான் போய்விட்டது, இயந்திரச் சத்தத்தில் வருடக்கணக்காக வேலை செய்பவர்களுக்கு வருவதுதான் என்றார் டாக்டர். போனது திரும்பாது, மிஷின் வைத்தால் சமாளிக்கலாம். கரீம் பாட்சா அந்தப் படத்தை வாங்கி வெகு நேரம் பார்த்தார். எங்கே கசிகிறது என்று துல்லியமாகக் காட்டும் ஒரு காகிதத்தை அவரால் மதிக்காமல் இருக்க முடியவில்லை. "நல்ல கேஜு" என்றார். அதற்குப் பிறகு அவர் மறுப்பு எதுவும் சொல்லவில்லை.

இரண்டு வாரத்தில் காதுக்குப் பின்னால் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு மிஷின் வந்தது. போட்டுக்கொண்டு கடைக்குப் போன முதல் நாள், ஊரே அவர்மேல் வந்து விழுந்தது. மாடியில் தையல் மிஷின்கள் ஓடுவது கேட்டது. ஸ்பேனர் தரையில் விழுந்தால் பல் கூசியது. சுவருக்கு அந்தப் பக்கம் மாரிசெல்வம் யாரிடமோ, "அந்தச் செவிட்டுப் பாய்கிட்ட கேளு, வாங்கித் தருவாரு" என்று சாதாரணக் குரலில் சொல்வதும் கேட்டது. இத்தனை நாளாக இவன் எவ்வளவு மரியாதையான பையனாக மாறிவிட்டான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்ப் பட்டறை வாசலில் நின்று, "என்னத்தடே வாங்கித் தரணும்?" என்று கேட்டார். லேத் தானாக நின்றது. அன்று மாரிசெல்வம் இரண்டு வேளை சாயாவும் சமோசாவும் வாங்கிக் கொடுத்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மர்யம் அடுக்களையிலிருந்து, "சாயா போடவா, சோறே திங்கியளா?" என்று ஒரு சத்தம் போட்டாள். அவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரமாகச் சாய்ந்துவிட்டார்.

"ஏன்டி இப்படிக் கத்துற? பக்கத்துலதானே நிக்கேன்."

"நான் எங்க கத்துனேன்? இதான் என் குரலு" என்றாள் மர்யம், அதே சத்தத்தில். "ரெண்டு வருசமா இப்படித்தான் பேசுறேன். மெள்ளப் பேச இனிமேத்தான் பழகணும்."